ஜன்னல் கம்பியில் கட்டிய கிளிப்

செவிலிமேட்டில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி வழுக்கியது. இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று வீட்டுக்கு வந்ததும் ஊசியைத்தான் எடுத்தேன்.

பட்டுப் புடவைக்குக் கையால் ஃபால்ஸ் தைப்பது என் தொழில். மடிப்பு நேராக விழுவதற்காகப் புடவையின் கீழ் ஓரத்தில் உட்புறமாக ஒரு பருத்திப் பட்டை வைத்துத் தைக்க வேண்டும். ஒவ்வொரு தையலிலும் ஊசி பட்டின் ஓர் இழையை மட்டும் கவ்வ வேண்டும். இல்லையென்றால் வெளியே புள்ளி புள்ளியாகத் தெரியும். அதற்குத் துணியை இடது கை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும். என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டன, ஆனால் பிடிக்கவில்லை. துணி நழுவி நழுவி மடியில் விழுந்தது. ஊசி டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் பக்கத்துத் தெரு டீச்சர் ஒரு புடவையோடு வந்தார். தங்கைகளுக்கெல்லாம் கல்யாணம் செய்து வைத்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் தனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டவர். பெரிய காஞ்சிபுரத்துக்குத் தானே போய் எடுத்த அரக்கு நிறப் பட்டு.

நான் கையைக் காட்டினேன். "மிஷின்ல குடுத்துடுங்க டீச்சர்."

"மிஷின் தையல் பட்டுத் துணிய இழுத்துடும்னு நீங்கதான சொன்னீங்க? கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்குது. வச்சிக்கினு இருங்கக்கா."

"முடியலன்னா?"

"ஃபால்ஸ் இல்லாமயே கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். சாப்பிட வந்தவர் புடவையையும் என்னையும் பார்த்தார்.

"துணியப் புடிச்சிக்கினு இருக்க ஒண்ணு வேணும். அவ்ளோதானமா?"

கொடியில் துணி மாட்டும் கிளிப் ஒன்றை நாடாவால் ஜன்னல் கம்பியில் கட்டினார். என் பழைய பட்டுப் புடவையின் ஓரத்தை அதில் மாட்டி, மறுபக்கத்தை இடது உள்ளங்கையால் மடியோடு அழுத்திக்கொண்டேன். துணி விறைப்பாக நின்றது. விரல்களுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு முழம் தைத்தேன். கிளிப்பை எடுத்துப் பார்த்தால் அதன் பல் பட்டில் பதிந்திருந்தது.

"இது டீச்சர் புடவைக்கு ஆவாதுங்க" என்றேன்.

மறுநாள் காலையில் ஆட்டோ துடைக்க வாங்கியிருந்த புதுத் துணியிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, கிளிப்பின் வாய்க்குள் ஒட்டிக் காய வைத்தார். பிறகு தடம் விழவில்லை.

ஜரிகை பார்டரில் ஊசி சிக்கிக்கொள்ளும். அதை இழுக்க சைக்கிள் டியூபில் சிறு துண்டு வெட்டி வலது விரலில் சுற்றிக்கொண்டேன். ஊசி வழுக்காமல் வந்தது. நூல் கோர்ப்பதுதான் பாக்கி. அதற்கு டீச்சர் மெல்லிய கம்பி வளையம் ஒன்று வாங்கிவந்தார். ஊசியைச் சோப்புக் கட்டியில் நட்டுவைத்து, வளையத்தை ஊசிக் காதில் நுழைத்து, அதற்குள் நூலை விட்டு இழுத்தால் ஒரே கையில் முடிந்தது.

டீச்சர் புடவையில் முதல் நாள் அரை முழம்தான் தைத்தேன். அதையும் பிரித்தேன். மூன்றாம் நாளிலிருந்து பிரிக்க வேண்டியிருக்கவில்லை. பதினோராம் நாள் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, புடவையைப் புரட்டி வெயிலில் பார்த்தேன். எந்த இடத்திலும் தையல் தெரியவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை. "நல்லாதான் இருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

கல்யாணத்தன்று எல்லோரும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். நான் கொசுவத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் அதைக் கவனித்துவிட்டார். அக்கினியைச் சுற்றி வரும்போது என் பக்கம் திரும்பி, ஓரத்தைக் காலால் லேசாகத் தட்டிவிட்டுச் சிரித்தார். அது ஒரே மடிப்பாக விழுந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அவருடைய தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னோடது ரெண்டு இருக்குது. தெச்சுத் தருவீங்களாக்கா?"

"முன்ன மாதிரி ஒரே நாள்ல முடியாதுமா. ஒரு வாரம் ஆவும்."

"ஆவட்டும்."

இப்போது என் இடது விரல்கள் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிடிக்கின்றன. துணியைக்கூடக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆனாலும் ஜன்னலிலிருந்து கிளிப்பை அவிழ்க்கவில்லை. துணி முன்னே உயர்ந்து நிற்பதால், கழுத்து வலிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து தைப்பது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.