குட்டைக்குக் காவல்

உசிலம்பட்டியிலிருந்து எழுமலைக்குப் போகும் டவுன் பஸ் பஞ்சராகி நிற்கிறது. டிரைவர் ஜாக்கியைத் தேடிக்கொண்டிருக்கிறார். முகம் கழுவலாமென்று, சாலைக்குக் கீழே மக்காச்சோளக் காட்டை ஒட்டியிருக்கும் குட்டைக்கு இறங்குகிறேன். நேற்றைய மழையில் அது நிரம்பிக் கிடக்கிறது.

“அண்ணே, அதுல கை வைக்காதீங்க!”

வேப்பமரத்தடியில் கையில் கம்போடு ஒரு பெண் நிற்கிறாள். முப்பது வயதிருக்கும். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர், ஓர் அகலமான அலுமினியச் சட்டி.

“நேத்து மேகத்தப் பாத்துட்டுப் பயிருக்கு யூரியா போட்டேண்ணே. தூறல் விழுந்தா மண்ணுக்குள்ள எறங்கிரும். எப்பவும் அப்பிடித்தான் போடுவோம். இப்ப வர்ற மழைக்குத் தூறவே தெரியல. அரைமணி நேரம் கொட்டுச்சு. அம்புட்டு உரமும் அடிச்சுக்கிட்டு இதுக்குள்ள வந்துருச்சு. ஆடு மாடு குடிச்சா செத்துப்போகும்.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஏழெட்டு ஆடுகள் குட்டையை நோக்கி ஓடி வருகின்றன. கம்பை வீசி மறிக்கிறாள். ஓர் ஆட்டின் மேலும் அடி விழவில்லை. குடத்துத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றுகிறாள். பெரிய ஆடுகளுக்கு நடுவே முண்டும் குட்டி ஒன்றைத் தூக்கி முன்னால் விடுகிறாள்.

“எப்ப வந்தீங்க?”

“விடியமுன்ன வந்தேன். நாளைக்கும் நிக்கணும்.”

“இம்புட்டு ஆடும் உங்களுதா?”

“ஒண்ணுகூட என்னுது இல்லண்ணே,” என்கிறாள், குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே. “உரந்தான் என்னுது.”