கிணற்று முறை சொன்னவள்

என் மகளுக்கு இரண்டு தடவை ஏடு தொடக்கினோம். முதலில் மூன்று வயதில். மறுபடி ஒன்பது வயதில், என் பிடிவாதத்தால். நான்காம் வகுப்புக்கு வந்தும் அவள் ‘பட்டம்’ என்ற சொல்லை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக எழுதினாள். முதல் தடவை நல்லநேரம் தவறியிருக்க வேண்டும் என்று நானே முடிவுகட்டி, விஜயதசமியன்று கோயிலில் குஞ்சு குருமான்களோடு அவளையும் இருத்தி அரிசியில் எழுத வைத்தேன். எழுத்து வரவில்லை. அவளுக்கு வெட்கம்தான் வந்தது.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அகப்பைக் காம்பால் அடித்தும் இருக்கிறேன். தை மாதம் புது வகுப்புகள் தொடங்கியபோது அவளை மேலே ஏற்றாமல் அதே வகுப்பில் விட்டார்கள். முதலாம் தவணையோடு பள்ளிக்கூடத்தை நிற்பாட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டேன்.

உரும்பிராயில் எங்கள் தோட்டக் கிணறு ஐந்து குடும்பங்களுக்குப் பொது. இறைப்பு முறை பதினொரு நாளுக்கு ஒருக்கால் சுற்றிவரும். ஒருவருக்கு மூன்று நாள், இன்னொருவருக்கு ஒன்றரை நாள் என்று பங்குக்கு ஏற்றபடி. சண்டையால் மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், இறைக்கிற மெசின் ஓடாத நாட்களும் உண்டு; அவை முறையில் சேராது. அந்த மாசியில் எல்லோரும் இடம்பெயர்ந்து போய் மூன்று கிழமை கழித்துத் திரும்பினோம். முறை எழுதி வைத்த கொப்பியைக் காணவில்லை. வெங்காயம் வாடிக் கிடந்தது. அன்றைய முறை தனக்குத்தான் என்று ஐந்து வீடும் நின்றது. எல்லோரிலும் உரத்துக் கத்தியது நான்.

வாய்க்கால் வரம்பில் நின்ற மகள் சொன்னாள்:

“எங்கடை முறை இல்லை அம்மா. ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்குப் பெரியப்பாவின்ரை முறை. மத்தியானத்தோடை எண்ணெய் முடிஞ்சு மெசின் நிண்டது. அவையளுக்கு இன்னும் அரை நாள் கிடக்கு.”

அவளுடைய பெரியப்பாவே அதை மறந்திருந்தார். அந்த அரை நாளைக் கொடுத்துவிட்டு அங்கிருந்து எண்ணினால் எவருக்கு எந்த நாள் என்று, சித்திரை வருசப்பிறப்பு வரைக்கும் நிறுத்தாமல் சொன்னாள். ஆம்பிளைகள் குந்தியிருந்து தடியால் மண்ணில் கோடு கீறிச் சரிபார்த்தார்கள். அவர்களுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. ஒரு பிழையும் இல்லை. எங்கள் வெங்காயத்துக்கு இன்னும் நான்கு நாள் தண்ணீர் இல்லை என்றாகிவிட்டது, ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. இவளை நானா பெற்றேன் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்து அவளுடைய கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். “நீங்கள் வாசியுங்கோ, நான் சொல்லுறன்” என்றாள். ஒரு கணக்கை நான் வாசித்து முடிக்கமுதல் விடை வந்தது. அடுத்ததற்கும் அப்படியே. விளக்கு வைக்கும் நேரம் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கேள்விகளை வாசித்துக் காட்டிப் பாருங்கள் என்று வகுப்பு ஆசிரியையிடம் மன்றாடினேன். அவர் அரைமனதோடு தொடங்கினார். நான்காம் வகுப்புக் கணக்கு முடிந்து, ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுப்பித்து, அதிலும் பாதி கேட்டார். பிறகு புத்தகத்தை மூடினார். ஐந்தாம் வகுப்பில் இருத்துவதற்குத் தானே அதிபரோடு கதைப்பதாகச் சொன்னார்.

“வீட்டிலை ஆர் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிறது?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை ரீச்சர்,” என்றேன். “நான் அடிச்சதுதான்.”