ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு யாரும் பேசவில்லை

நூற்று முப்பத்தெட்டு. இந்த எண்ணை மனதில் போட்டு வையுங்கள். 1969 ஆகஸ்டில், ஹார்மன்ஸ் ஃபெர்ரி என்ற செங்கல்சூளை ஊரில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆரின் டாக்கெட் என்ற பேஸ்பால் பிட்சர் வீசிய பந்துகள் அத்தனை. மேலிடம் அவனை வீசவிடச் சொன்னது அதில் பாதி.

டாக்கெட் மேற்கு வர்ஜீனியாக்காரன். அப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. பையனுக்குப் பதினெட்டு வயதானபோது கோட்டு போட்ட ஒரு ஆள் வீட்டுக்கு வந்தான். சமையலறையில் உட்கார்ந்து சோளரொட்டியும் பீன்ஸும் இரண்டு தட்டு தின்றான். இந்தப் பையனின் வலது கை தங்கம், இன்னும் மூன்றே வருஷத்தில் பெரிய லீக்கில் வீசுவான், டெலிவிஷனில் பார்க்கலாம் என்றான். அப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "சுரங்கத்துல எங்களுக்குச் சங்கம் இருக்கு. அடிபட்டா கேக்க ஆள் இருக்கு. உங்க எடத்துல?"

"விளையாட்டுக்கு எதுக்குங்க சங்கம்?" என்று கோட்டுக்காரன் சிரித்தான்.

அப்பன் சிரிக்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். தன் பிள்ளை குழிக்குள் இறங்க வேண்டாம் என்று நினைக்காத சுரங்கத் தொழிலாளி யார்?

மூன்று வருஷம் ஏழானது. பெரிய டீம்கள் ஊர் ஊராகச் சின்ன டீம்கள் வைத்துத் தீனி போட்டு ஆள் வளர்க்கும். அந்தத் தீனியும் பாதி வருஷத்துக்குத்தான். ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை சம்பளம். மிச்ச மாதங்களில் டாக்கெட் ஒரு மரக்கிடங்கில் பலகை ஏற்றினான். ஆட்ட மாதங்களில் ராத்திரி முழுக்கப் பஸ், பகலில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி, ஆறு பேருக்கு ஒரு வாடகை வீடு. நெட்ராவைக் கல்யாணம் செய்த பிறகும் அதே வீடுதான், கூட ஒரு திரைச்சீலை. இவ்வளவும் ஒரே ஒரு டெலிபோன் அழைப்புக்காக. 'மேலே அனுப்பு' என்று பெரிய டீம் சொல்லும் அந்த அழைப்புக்காக.

அந்த அழைப்பு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், டீம் மேனேஜர் க்ளீட் ஹேவர்காம்ப் அதை எடுத்தான். மேனேஜரை ஆட்டக்காரர்கள் 'ஸ்கிப்' என்று கூப்பிடுவார்கள். கப்பல் தலைவன் என்று அர்த்தம். இந்த ஆள் ஒரு பரிசல்கூட ஓட்டியதில்லை. மேலே இருந்தவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். டாக்கெட் செவ்வாய்க்கிழமை இங்கே வரட்டும், புதன்கிழமை வீசட்டும், இன்றைக்கு ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஐந்துக்கு மேல் அவனை வீசவிடாதே. ஸ்கிப் சரி சரி என்றான். ஐந்து முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம், முன்னாலேயே சொன்னால் பையனுக்குத் தலை கிறுகிறுத்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டான். ஏழு வருஷம் காத்திருந்தவனுடைய செய்தி, ஸ்கிப்பின் வாயில் புகையிலையோடு சேர்ந்து ஊறிக்கொண்டிருந்தது.

ஐந்து இன்னிங்ஸ் முடிந்தன. இதுவரை எதிர் டீமில் ஒருவன்கூட டாக்கெட்டின் பந்தை அடித்துவிட்டு ஓடிப்போய் முதல் முனையான பேஸில் கால் வைக்கவில்லை. அங்கேதான் பிடித்தது சனி.

ஒன்பது இன்னிங்ஸும் இப்படியே போனால் அது ஒரு பிட்சருடைய ஆயுளில் ஒருமுறை வருகிற சாதனை. வந்துகொண்டிருக்கும்போது அதன் பேரைச் சொல்லக் கூடாது. அந்த பிட்சரிடம் பேசக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது, கண்ணைப் பார்க்கவும் கூடாது. மீறினால் கலைந்துவிடுமாம். நிலாவுக்கு ஆள் போய்விட்டு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இங்கே மீசை முளைத்தவர்கள் எல்லாம் பெஞ்சின் ஒரு கோடியில் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மறுகோடியில் டாக்கெட் தனியாக, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு.

ஸ்கிப் இப்போது என்ன செய்ய வேண்டும்? எழுந்து பத்தடி நடந்து, 'வா, போதும், நீ மேலே போறே' என்று சொல்ல வேண்டும். செய்யவில்லை. எப்படிச் சொல்வான்? பேசக் கூடாதே. தவிர, சாதனையைப் பாதியில் வெட்டிய மேனேஜர் என்ற பேர் யாருக்கு வேண்டும்? இன்னும் ஒரு இன்னிங்ஸில் எவனாவது ஒருவன் அடித்துவிடுவான், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, புகையிலையைத் துப்பினான்.

ஆறாவது இன்னிங்ஸின் கடைசிப் பந்தில் டாக்கெட்டின் முழங்கைக்கு உள்பக்கம் ஏதோ அறுந்தது. ஈரக் கயிற்றில் ஒரு புரி விட்ட மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னான். சுண்டுவிரல் மரத்துவிட்டது. அவன் நேராக, டீமுக்கு உடம்பு பிடித்துவிடுகிறவனிடம் போனான். பஸ் ஓட்டுவதும் அவன்தான். டாக்கெட் கையை நீட்டி "இங்க பாரு" என்றான். அந்த ஆள் காது கேட்காத மாதிரி மட்டைகளை எண்ண ஆரம்பித்தான். ஏற்கெனவே எண்ணி அடுக்கிய மட்டைகள்.

பிறகு ஸ்கிப்பை நோக்கி நடந்தான். ஸ்கிப் அவன் வருவதைப் பார்த்தான். பார்த்து, எழுந்து, தண்ணீர்ப் பானைப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தம்ளர் தண்ணீரை ஒரு பெரிய அண்டாவைக் குடிக்கிற நேரம் குடித்தான். டாக்கெட் கொஞ்சம் நின்று பார்த்தான். அப்புறம் தன் கோடிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவனையும் இங்கே சும்மா விடுவதற்கில்லை. வாய் விட்டுக் கத்தியிருக்கலாம். பந்தைக் கீழே போட்டுவிட்டு நடந்திருக்கலாம். செய்யவில்லை. கை வலிக்கிறது என்று சொன்னவன் கோழை என்று ஏழு வருஷம் காதில் ஊதி வளர்த்த பிள்ளை. மேலிடத்து ஆள் யாராவது கூட்டத்தில் இருப்பான், இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை என்று நினைத்தான். தன் அழைப்பு வந்து ஆறு மணிநேரம் ஆகிவிட்டது, அது பத்தடி தூரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஏழாவது இன்னிங்ஸில் அவன் மட்டை பிடிக்கிற முறை வந்தது. மட்டையைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு மூன்று பந்தையும் சும்மா விட்டுவிட்டுத் திரும்பினான். ஓங்க முடியவில்லை. கெட்டிக்காரன், தெம்பைச் சேர்த்து வைக்கிறான் என்று கூட்டம் கை தட்டியது.

வீசப் போனால் பந்தில் வேகம் இல்லை. வேகத்தை எதிர்பார்த்து மட்டையைச் சுழற்றியவர்கள் பந்து வருவதற்குள் சுழற்றி முடித்துவிட்டு நின்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் அதை 'அபார தந்திரம்' என்று எழுதினான். கேட்ச்சர் லான்ஸோ ப்ரூயிட்டுக்கு மட்டும் சங்கதி தெரியும். ஆறு இன்னிங்ஸ் உள்ளங்கையை எரித்த பந்து இப்போது கையுறைக்குள் துணிமூட்டை மாதிரி விழுகிறது. இரண்டு தடவை எழுந்து நின்றான். இரண்டு தடவையும் திரும்பக் குந்திக்கொண்டான். மறுநாள் வீச வேண்டிய பிட்சர், வழக்கப்படி பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்துக்கும் பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். நூறைத் தாண்டியதும் அவனுக்குத் தெரியும். பென்சிலைச் சீவிக்கொண்டான்.

மைதானம் முழுக்க வாய் திறந்தது ஒரே ஒருத்தி. எட்டாவது இன்னிங்ஸில் நெட்ரா எழுந்து நின்றாள். ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் அவன் வலது கையை இடது கையால் தாங்குவதை அவள் பார்த்துவிட்டாள்.

"யோவ் ஸ்கிப்பு, அவரு கையப் பாருய்யா! வெளிய எடுய்யா அவர!"

மற்ற ஆட்டக்காரர்களின் பெண்டாட்டிகள் இரண்டு பேர் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். ஒருத்தி அவள் வாயைப் பொத்தினாள். "கெடுத்துத் தொலைக்காதடி, இன்னும் ஆறே பேரு அவுட்டானாப் போதும்" என்றாள். அவர்களும் திரைச்சீலைக்குப் பின்னால் குடித்தனம் நடத்துகிறவர்கள்தான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் போனால் சரித்திரம். வந்தவன் ஒரு ஒல்லிக்குச்சி, அந்த வருஷம் ஒழுங்காக எதையும் அடிக்காதவன். மட்டையின் நுனியில் பட்ட பந்து, எங்கே போவது என்று தெரியாத மாதிரி மேலே போய், முதல் பேஸுக்குப் பின்னால் புல்லில் தொப்பென்று விழுந்தது, ஒல்லிக்குச்சி ஓடிப்போய் பேஸில் கால் வைத்துவிட்டான். அது நூற்று முப்பத்தெட்டாவது பந்து.

டயரில் காற்று இறங்கிய மாதிரி ஒரு சத்தம் கூட்டத்திலிருந்து வந்தது. உடனே எல்லோருக்கும் நாக்கு திரும்பக் கிடைத்துவிட்டது. பெஞ்சில் ஒரே பேச்சு. ஸ்கிப் மைதானத்துக்குள் நடந்து வந்தான். சுண்ணாம்புக் கோட்டை மிதித்தால் ஆகாதாம். அதை அப்போதும் அக்கறையாகத் தாண்டித்தான் வந்தான். டாக்கெட்டின் முதுகில் தட்டினான்.

"போனா போகுது விடுறா. வேற சேதி வச்சிருக்கேன் உனக்கு. மத்தியானமே போன் வந்துருச்சு. செவ்வாக்கெழம நீ மேல போற."

டாக்கெட் வலது கையைத் தூக்கப் பார்த்தான். ப்ரூயிட் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"கையத் தூக்க முடியல ஸ்கிப். ஆறாவதுலயே போச்சு."

"ஆறாவதுலயா? ஏன்டா, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"யாருகிட்ட சொல்ல? நீங்கதான் தண்ணி குடிக்கப் போயிட்டீங்களே."

ஸ்கிப் பந்துக்காகக் கையை நீட்டினான். டாக்கெட் அதை இடது கையால் எடுத்து அவன் கையில் வைத்தான்.

செவ்வாய்க்கிழமை வேறொருவன் மேலே போனான். பென்சில் சீவியவன்தான். டாக்கெட்டின் முழங்கைக்குள் அறுந்ததைத் தைக்க அன்றைக்கு எந்த டாக்டருக்கும் தெரியாது. அடுத்த வசந்தத்தில் நாலு வாரம் வீசிப் பார்க்க வைத்து, ஒரு பஸ் டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். தங்கக் கை என்று சொல்லித் தின்றுவிட்டுப் போன கோட்டுக்காரனுக்கு நெட்ரா ஒரு கடிதம் போட்டாள். பதில் வரவில்லை.

அவர்கள் ஹார்மன்ஸ் ஃபெர்ரியிலேயே தங்கிவிட்டார்கள். டாக்கெட் செங்கல் தொழிற்சாலையில் மண்ணை அச்சில் அழுத்துகிற இயந்திரத்தில் சேர்ந்தான். அங்கே அவனுக்கு ஒரு கெட்ட பேர் உண்டு. இயந்திரம் கொஞ்சம் சுதி மாறிக் கத்தினால் போதும், யாரையும் கேட்காமல் இடது கையால் நிறுத்தும் கம்பியை இழுத்துவிடுவான். மேஸ்திரி வந்து கத்துவான். "காலைலருந்து மூணு தடவடா! என்ன ஆச்சுன்னு இழுத்த?" "ஒண்ணும் ஆகல. ஆகறதுக்கு முன்னாலதான் இழுக்கணும்" என்பான் டாக்கெட். அந்த இயந்திரத்தில் அவன் இருந்தவரை யாருக்கும் விரல் போகவில்லை. இதற்கு அவனுக்கு யாரும் கோப்பை கொடுக்கவில்லை.

1994-இல் டீமின் புது முதலாளி ஒரு விழா வைத்தான். அந்த மகத்தான ஆட்டத்துக்கு வெள்ளி விழாவாம். கிட்டத்தட்ட நடந்துவிட்ட ஒன்றுக்கு விழா எடுக்க இவர்களால்தான் முடியும். பழைய ஆட்டக்காரர்களை வரவழைத்து, தலைக்கு ஒரு தொப்பியும் இலவச ஹாட் டாக்கும் கொடுத்தார்கள். டாக்கெட்டை முதல் பந்தை வீசச் சொன்னார்கள். இடது கையால் வீசினான். வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது.

ஸ்கிப்புக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. கைத்தடியோடு வந்து மைக்கைப் பிடித்தான். கண்ணில் தண்ணீர் வேறு.

"முப்பது வருஷம் டீம் நடத்துனேன். அன்னிக்கு எங்க பசங்க காட்டுன கட்டுப்பாட்ட வேற எங்கயும் பாத்ததில்ல. இவன் மேல வச்சிருந்த மரியாதையில, ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட வாயத் தொறக்கல."

பலத்த கைதட்டல். ப்ரூயிட் மட்டும் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மைக் டாக்கெட்டிடம் வந்தது. நெட்ரா முன்வரிசையில் இருந்தாள். இந்தத் தடவை அவளை இழுத்து உட்கார வைக்க யாரும் இல்லை. அவளைப் பார்த்துவிட்டுத்தான் அவன் பேசினான்.

"அன்னிக்கு எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளு இல்ல. அதனால பெஞ்சுல இருந்தவங்கள எண்ணிக்கிட்டு இருந்தேன். ஸ்கிப்பையும் சேத்து, வாயத் தொறக்காதவங்க இருபத்திரண்டு பேரு."