அண்ணியின் நடையைப் படம் பிடித்தோம்

அலோர் ஸ்டாரில் நடக்கவிருந்த மென்பொருள் பட்டறைக்கு ஆளுக்கொரு நடையைப் படம் பிடித்து வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு கைப்பேசிகளில் எடுத்த படத்தைக் கொடுத்தால் போதும், மென்பொருள் கணினிக்குள் ஓர் எலும்புக்கூட்டை அதேபோல் நடக்க வைக்கும். எந்த மூட்டு எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கணக்குப் போடும். மாதிரிப் படமும் தருவார்களாம். யாரோ ஒருவருடைய நல்ல கால் எனக்கு எதற்கு? நான் பிசியோதெரபிஸ்ட். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் நின்றே வேலை பார்க்கும் என் அண்ணிக்கு முட்டி வலி. "லேசாத்தான்" என்பார். அந்த முட்டிக்குப் பட்டறையில் ஒரு வழி கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஞாயிற்றுக்கிழமை காலை, திகாம் பத்துவில் எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு கைப்பேசிகளையும் முக்காலிகளில் மாட்டினேன். அண்ணன் கட்டம் போட்ட அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேமராக்கள் எங்கே இருக்கின்றன என்று மென்பொருள் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கும்.

"கட்டத்துல காய் நவுத்தி தாம் விளையாடவா கூப்பிட்ட?" என்று கேட்டார்.

அண்ணி பட்டுப்புடவையில் வந்து இறங்கினார். தலையில் பூ வேறு.

"வீடியோன்னு சொன்னியேம்மா!"

"கால எடுக்கணும் அண்ணி, கல்யாணத்த இல்ல!"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய், என் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பூவை மட்டும் எடுக்கவில்லை.

நடந்தார். என்ன கம்பீரம்! கொஞ்ச நேரத்தில் மடிக்கணினியில் எலும்புக்கூடும் அதே கம்பீரத்தோடு நடந்தது. ஒரு குறையும் இல்லை.

"வலி எங்கதான் இருக்கு? சும்மா சொல்றீங்களா?" கத்தியே விட்டேன்.

அண்ணி தரையைப் பார்த்தார். "பேக்டரில எங்க பாத்தாலும் கேமரா. நொண்டறது தெரிஞ்சா லைன்லேர்ந்து தூக்கிடுவாங்க லா. கேமராவப் பாத்ததும் காலு தானா நிமிந்துடுச்சு."

"இது உங்க கம்பெனிக்குப் போகாது அண்ணி. பட்டறையில பேரும் சொல்ல மாட்டேன்."

மறுபடி நடந்தார். இடது முட்டி சரியாக மடங்கவே இல்லை. ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அண்ணன் அட்டையைக் கீழே வைத்துவிட்டார். ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கே இது தெரியாது.

"எங்கிட்டகூட சொல்லலியே" என்றார்.

திரையில் எலும்புக்கூடும் நொண்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணி நொண்டியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நாத்தனார் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பட்டறையில் கேட்க என்னிடம் இப்போது ஓர் உண்மையான முட்டி இருந்தது.

கைப்பேசிகளைக் கழற்றப் போனேன்.

"இரும்மா." அண்ணி மண்டபத்து வாசற்படியை நோக்கி நடந்துகொண்டிருந்தார், நொண்டிக்கொண்டே. "படி ஏறறதையும் எடு. அங்கதான் உயிர் போகுது."