கரையை ஒட்டி நிற்கும் கப்பல்

யொலானாவுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவாள். கழுவி வைத்த பாத்திரமாக இருந்தாலும் மறுபடி எடுத்துக் கழுவுவாள். லின்ஸ் நகரத்தில் ஹெர்மினே அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவள் சேர்ந்து ஆறு வருடமாகிறது. இரண்டு வாரம் இங்கே, இரண்டு வாரம் எல்லை தாண்டி ஸ்லோவாக்கியாவில், லெவிட்சே ஊரில், தன் வீட்டில். இந்த ஆறு வருடத்தில் அந்த வீட்டுப் பீங்கான் தட்டுகளில் பூ அழிந்துபோனதற்குப் பாதிக் காரணம் அம்மாளின் மகன் ரைனர்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ரைனர் தன் மனைவி உல்ரிக்கேயோடு வந்தான். கையில் வால்நட் கேக், கக்கத்தில் மூன்று வண்ணப் புத்தகங்கள். அம்மாவின் எண்பத்துநான்காம் பிறந்தநாளுக்குப் பரிசு: டான்யூப் நதியில் கப்பலில் போய்க் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்ப்பது. மூன்று கப்பல்களில் ஒன்றை அம்மாவே தேர்ந்தெடுக்கலாம் என்றான். ஆனால் முதல் இரண்டு புத்தகங்களை மேசையில் வைத்த கையோடு ஓரம் தள்ளிவிட்டு மூன்றாவதை மட்டும் விரித்தான்.

"இதப் பாரும்மா. ரூமுக்குள்ளயே பால்கனி. படுத்துக்கிட்டே ஊரெல்லாம் பார்க்கலாம். ஏழு சந்தை. நாங்களும் வர்றோம், யொலானாவும் உன் ரூம்லயே இருப்பாங்க."

"பிராத்திஸ்லாவா போகுதா?" என்று கேட்டாள் ஹெர்மினே.

"போகுது."

"இறங்கிச் சந்தைக்குப் போகலாமா?"

"போகலாம். முடியலன்னா நாங்க வாங்கிட்டு வந்து தர்றோம்."

"கொண்டுவந்து குடுக்கிறதுக்கு இங்கயே ஆள் இருக்கு," என்றாள் ஹெர்மினே. "நான் நடந்து போய், வரிசையில நின்னு, சூடா வாங்கி, வாயைச் சுட்டுக்கணும்."

விஷயம் இதுதான். உருளைக்கிழங்கு மாவில் மெலிதாகச் சுட்டு வாத்துக் கொழுப்பு தடவித் தரும் லோக்ஷா என்ற ரொட்டியை யொலானா மாதம் இருமுறை செய்து கொடுப்பாள். ஒவ்வொரு முறையும், "இது சுமார்தாம்மா. எங்க பிராத்திஸ்லாவா சந்தையில குளிர்ல நின்னு சாப்பிடணும், கொழுப்பு முழங்கை வரைக்கும் வழியும்," என்பாள். ஆறு வருடம் கேட்டுக் கேட்டு ஹெர்மினேக்கு அது ஒரு பிடிவாதமாகவே ஆகிவிட்டது. மார்ச் மாதம் இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு கட்டிலிலிருந்து கதவு வரை பதினோரு அடி நடப்பதற்கே அழுதவள், லோக்ஷாவைச் சொல்லித்தான் நடக்கப் பழகினாள். அக்டோபர் முடிவில் சக்கர வாக்கரைத் தள்ளிக்கொண்டு டிராம் நிறுத்தம் வரை போய்த் திரும்பினாள். அறுநூற்று நாற்பது அடி. நடுவில் மூன்று முறை வாக்கரோடு இணைந்த உட்காரும் பலகையில் உட்கார்ந்து எழுந்தாள். சமதளத்தில் அவ்வளவு முடியும். படி என்றால் மூன்றுதான். நாலாவது படியில் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

யொலானா கேக்கை வெட்டி வைத்துவிட்டுக் கேட்டாள். "ரைனர் சார், கப்பல்ல படி எத்தனை?"

"லிஃப்ட் இருக்கு யொலானா. நாலு நட்சத்திரக் கப்பல்."

"லிஃப்ட் எந்த மாடியிலேர்ந்து எந்த மாடிக்குப் போகுது? கப்பலைக் கரையில எங்க கட்டுவாங்க?"

ரைனர் சிரித்தான். "கரையிலதான் கட்டுவாங்க. வேற எங்க, மரத்துலயா?"

யொலானா சமையலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

லெவிட்சே பஞ்சாலை மூடப்பட்டபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. முப்பது வருடம் தறியில் நின்ற கால்களோடு, இருநூற்று இருபது மணி நேரப் பராமரிப்புப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். கற்றுக்கொடுத்தவள் ராணுவ ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்ற நர்ஸ். புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். வந்த பெண்களையே நோயாளிகளாக்கிவிடுவாள். ஆறிப்போன கஞ்சியை ஒருத்தி ஊட்ட இன்னொருத்தி விழுங்க வேண்டும். ஈர டயப்பரோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். நாற்காலியில் வைத்து மாடிப்படியில் தூக்கப்பட வேண்டும். அவள் சொன்னதில் யொலானா ஒரு நாளும் மீறாத விதி ஒன்று உண்டு: நோயாளியை எங்கே கூட்டிப் போவதானாலும் அந்த வழியை முதலில் நீ நடந்து பார்.

யொலானாவுக்குத் தினம் இரண்டு மணி நேரம் ஓய்வு. மறுநாள் அந்த இரண்டு மணி நேரத்தில் கப்பல் துறைக்கு நடந்தாள். அங்கே மூன்று கப்பல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்பட்டிருந்தன. கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது ஒன்றுதான். மூன்றாவது கப்பலின் பயணிகள் இரும்புப் படியேறி மொட்டைமாடிக்கு வந்து, பலகையைத் தாண்டி அடுத்த கப்பலின் மொட்டைமாடிக்குப் போய், அதையும் தாண்டி, ஈரப் படியில் பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கப்பல்களின் பால்கனிகளைப் பார்த்தாள். ஒரு பால்கனிக்கும் எதிர் பால்கனிக்கும் ஒரு கை தூரம். ஒருவர் டீ குடிக்க, எதிரில் ஒருவர் திரையை இழுத்து மூடினார்.

கயிறு சுற்றிக்கொண்டிருந்த மாலுமி ஒருவன் கயிற்றை அவளுடைய மொழியில் திட்டியதைக் கேட்டு யொலானா நின்றாள். கோமார்னோ ஊர்க்காரன். பெயர் லுபோஷ். ஐம்பது வயதிருக்கும்.

"தம்பி, எப்பவும் இப்படித்தான் கட்டுவீங்களா?"

"டிசம்பர்ல வந்து பாருக்கா. இது ஒண்ணுமே இல்ல."

"லிஃப்ட் இருக்குதாமே?"

"இருக்கு. சாப்பாட்டுக் கூடத்துக்கும் ரூமுக்கும் போகும். மொட்டைமாடிக்குப் போகாது. ரெண்டு கப்பலுக்கும் வாசல் நேரா அமைஞ்சா உள்ளாறவே நடந்து வந்துடலாம். அமையலன்னா மேல ஏறித்தான் வரணும். பதினாலு படி ஏறணும், பதினாலு இறங்கணும்."

"நடக்க முடியாதவங்க?"

"ஒண்ணு கப்பல்லயே உட்கார்ந்திருப்பாங்க. இல்லன்னா நாங்க தூக்குவோம். எனக்கு முதுகு போனது அதுலதான்."

எந்தக் கப்பல் கரையை ஒட்டி நிற்கும் என்று கேட்டாள். முதலில் வருவது, என்றான். எது முதலில் வரும் என்று கேட்டாள். லுபோஷ் கயிற்றைக் கீழே போட்டான். இப்படி ஒரு கேள்வியை அவனிடம் அதுவரை எந்தப் பயணியும் கேட்டதில்லை.

"பெரிய கப்பலெல்லாம் சனிக்கிழமை ஆத்துக்கு மேல பாசாவ் துறையில ஆள் ஏத்தும். அப்புறம் மாடு தண்ணிக்குப் போற மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு. செவ்வாய்க்கிழமை பிராத்திஸ்லாவாவுல மூணு மூணா நிக்கும். நீ கிழமையைப் பார்த்து டிக்கெட் எடுக்கா. புதன்கிழமை இங்கேர்ந்தே கிளம்பற சின்னக் கப்பல் ஒண்ணு இருக்கு. பழசு. வெள்ளிக்கிழமை விடியக்காலையில பிராத்திஸ்லாவா. அன்னிக்குத் துறை காலியாத்தான் கிடக்கும். ஆனா இதை நான் எழுதித் தர மாட்டேன்."

யொலானா வீட்டுக்கு வந்து, ரைனர் ஓரம் தள்ளிய புத்தகங்களைப் புரட்டினாள். இரண்டாவது புத்தகத்தில் இருந்தது அந்தக் கப்பல். பால்கனி இல்லை. ஜன்னல் ஒரு தட்டு அளவு. புறப்பாடு புதன்கிழமை. கம்பெனிக்குப் போன் செய்தாள். எங்கே கட்டுவோம் என்று உறுதி சொல்ல இயலாது மேடம், துறைமுகம் ஒதுக்குவதுதான், என்றது ஒரு இனிமையான குரல். லுபோஷிடம் கிடைத்த பதிலே மேல் என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு ரைனர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். காகிதத்தில் மூன்று கப்பலும் வரைந்து காட்டினாள். ரைனர் காகிதத்தைப் பார்க்கவில்லை.

"யொலானா, நீங்க அம்மாவைப் பார்த்துக்க வந்தவங்க. டிக்கெட் போடுறதுக்கு ஏஜென்சி இருக்கு. நான் கேட்டுட்டேன். தேவைப்பட்டா மாலுமிங்க நாற்காலியில வச்சுத் தூக்கிடுவாங்களாம். ரெண்டு நிமிஷ வேலை. அவங்களுக்குப் பழக்கம்."

"அம்மாவுக்குப் பழக்கமில்ல," என்றாள் யொலானா.

"அம்மா என்ன கனமா? முப்பது படி. இதுக்குப் போய் பால்கனியை விட்டுட்டு அந்த ஓட்டைக் கப்பல்ல போகச் சொல்றீங்க."

யொலானா தண்ணீரைத் திறந்தாள். ஒரு தட்டை எடுத்தாள். பக்கவாதம் வந்த அன்று அவளுடைய கணவன் ஒந்த்ரேயை நாலாவது மாடியிலிருந்து இப்படித்தான் நாற்காலியில் இறக்கினார்கள். லிஃப்ட் ஓடவில்லை. சட்டை மேலேறிப் பைஜாமா கீழிறங்க, ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதில் அவன் பேசியது எதுவும் விளங்கவில்லை, ஒன்றைத் தவிர. "எல்லாரும் பார்த்தாங்க" என்றான். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். யொலானா இதை லின்ஸில் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. தண்ணீரை மூடினாள். கையைத் துடைத்தாள். சமையலறை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டடத்தின் மாடிப்படி முன்னால் வைத்தாள்.

"ரைனர் சார், இதுல உட்காருங்க."

"எதுக்கு?"

"ரெண்டு நிமிஷ வேலை. நானும் உல்ரிக்கே மேடமும் தூக்கறோம். எனக்குப் பழக்கம்."

ரைனர் மனைவியைப் பார்த்தான். அவள் ஏற்கனவே வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன கூத்து," என்றான்.

வாசலில் வாக்கரைப் பிடித்து நின்ற ஹெர்மினே சொன்னாள். "உட்காரு, ரைனர்." ஆறு வயதில் அவனை ஊசி போட உட்கார வைத்த அதே குரல். ஐம்பத்தெட்டு வயது ஆள் உட்கார்ந்தான்.

யொலானா நாற்காலியின் முதுகைப் பிடித்துப் பின்னால் சாய்த்தாள். உல்ரிக்கே முன்கால்களைப் பிடித்தாள். முதல் படி. இரண்டாவது. மூன்றாவதில் ரைனர் பக்கக் கம்பியைத் தாவிப் பிடித்தான்.

"கம்பியைப் பிடிக்காதீங்க," என்றாள் யொலானா. "தூக்கப்படுறவங்க எதையும் பிடிக்கக் கூடாது. பிடிச்சா மூணு பேரும் உருளுவோம். கையை மடியில வையுங்க."

அவன் கையை மடியில் வைத்தான். கால் அந்தரத்தில் ஆடியது. சட்டை இடுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது. மேலே ஒரு கதவு திறந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் நாயோடு இறங்கி வந்தவர், வழியில்லாமல் சுவரோரம் ஒதுங்கினார்.

"அடடா, ரைனருக்கு என்ன ஆச்சு?"

உல்ரிக்கேக்குச் சிரிப்பு வந்து நாற்காலி குலுங்கியது.

"இறக்குங்க," என்றான் ரைனர்.

"இன்னும் இருபத்தஞ்சு இருக்கு சார்."

"இறக்குங்கன்னு சொல்றேன்ல."

இறக்கினார்கள். ரைனர் சட்டையைச் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் நாயையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. "அந்தப் பழைய கப்பல்ல ஜன்னல்கூடத் தண்ணி மட்டத்துலதான் இருக்கும். ஒண்ணும் தெரியாது," என்றான்.

"நான் ஜன்னலுக்கா போறேன்?" என்றாள் ஹெர்மினே.

"அப்ப நாங்க வரல."

"சரி," என்றாள் அவள்.

ஆக, டிசம்பர் இரண்டாம் புதன்கிழமை அந்தப் பழைய கப்பலில் இரண்டு பேர்தான் ஏறினார்கள். லுபோஷின் பேச்சைத் தவிர யொலானாவின் கையில் எதுவும் கிடையாது. மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டால் ரைனரின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதல்ல, ஹெர்மினே ஒன்பது மாதம் நடந்த நடைக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவள் கவலை. வெள்ளிக்கிழமை விடியும்போதே கோட்டை மாட்டிக்கொண்டு கப்பல் வாசலில் நின்றாள். எஞ்சின் அடங்கியது. பக்கத்தில் நனைந்த மரப்பலகை, அதற்கப்பால் கரை. நடுவில் எதுவும் இல்லை. அவள் ஒரு முறை மூச்சை விட்டுவிட்டு, ஹெர்மினேக்கு உல்லன் காலுறை எடுத்துவைக்கப் போனாள்.

ஒன்பது மணிக்கு ஒரே ஒரு வெள்ளைக் கப்பல், நிறையப் பால்கனிகளோடு வந்து இவர்களுக்கு வெளிப்பக்கம் ஒட்டிக் கட்டியது. வாசல்கள் நேராக அமையவில்லை. யொலானாவும் ஹெர்மினேயும் வாசலுக்கு வந்தபோது, மேலேயிருந்து இரும்புப் படியில் ஒரு பெரியவரை நாற்காலியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள் இரண்டு மாலுமிகள். நல்ல கோட்டு, கழுத்தில் பட்டுத் துணி. கண்களை இறுக மூடியிருந்தார். கை மடியில் இருந்தது. கீழே நின்று ஒரு பெண் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹெர்மினே பார்த்தாள். "நடக்கலாம்," என்றாள்.

சந்தைக்கு எழுநூற்றுப் பத்து அடி. நாலு முறை உட்கார்ந்தாள். வரிசையில் பதினைந்து நிமிடம் நின்றாள். முந்த வந்த ஒருவனை வாக்கரால் கணுக்காலில் இடித்தாள். லோக்ஷாவைக் காகிதத்தில் வாங்கி, ஊதாமல் கடித்து, வாயைச் சுட்டுக்கொண்டாள். கொழுப்பு முழங்கை வரை வழிந்தது.

"எப்படிம்மா?"

"உப்பு ஜாஸ்தி. நீ செய்யறது தேவலாம்," என்று சொல்லி இன்னொன்று வாங்கினாள். அதையும் நின்றபடியே தின்றாள்.

திரும்பி வந்தபோது துறையருகே இரும்புப் பெஞ்சில் அந்தப் பெரியவர் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. மூக்கு சிவந்திருந்தது.

"சந்தைக்குப் போகலையா?" என்று யொலானா கேட்டாள்.

"சக்கர நாற்காலியை மேல ஏத்த முடியலயாம். கூட வந்தவங்க கொண்டுவந்து தர்றோம்னு போயிருக்காங்க," என்றார் அவர், நதியைப் பார்த்தபடி.

கரையிறங்கும் பலகையின் முனையில் வெள்ளைக் கப்பலின் அதிகாரி ஒருவன் பட்டியலும் கையுமாக நின்றிருந்தான். யொலானா நேராக அவனிடம் போனாள். "இவரோட வழியை யார் நடந்து பார்த்தது?" என்றாள் ஜெர்மனில். அவன் புன்னகைத்தான். அவளுக்குக் கோபம் மூள அந்தப் புன்னகையே போதுமானதாக இருந்தது. அதன் பிறகு தன் மொழியிலேயே திட்ட ஆரம்பித்தாள். இங்கே கழுவுவதற்குத் தட்டு எதுவும் இல்லை. ஒந்த்ரேயின் நாலு மாடியும் வந்தது, பால்கனியும் வந்தது, போனில் படம் பிடித்தவளும் வந்தாள். கப்பலின் மேலே கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒருவனுக்கு அந்த மொழி தெரியும் போலிருக்கிறது, வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டான். அதிகாரி பட்டியலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"யொலானா, குளிருது," என்றாள் ஹெர்மினே.

"இன்னும் திட்டி முடிக்கலம்மா."

"சரி, முடி," என்றாள் ஹெர்மினே. வாக்கரைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் திருப்பி, பிரேக்கை அழுத்தி, அதன் பலகையில் உட்கார்ந்தாள். கையில் மிச்சமிருந்த பாதி லோக்ஷாவைப் பெரியவரிடம் நீட்டினாள். "ஆறிப்போச்சு. அவ்வளவு நல்லாயிருக்காது."

அவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து வாங்கிக்கொண்டார்.