வாஹித் போனால் மட்டும் ஓடிய மெஷின்

என் கணவர் வாஹித்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் அந்த மாதம் நினைத்தேன். காரைக்குடியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, மெஷின்களுக்குள் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகளுக்கு நிரல் எழுதுகிறவர் அவர். அதிலும் மற்ற நிரல்களையெல்லாம் தாங்குகிற கர்னல் என்கிற அடித்தளத்திலேயே கை வைக்கிறவர். பக்கத்து ஊரான புதுவயலில் ஓர் அரிசி மில்லுக்கு, கருத்துப்போன அரிசியைப் பிரித்துத் தள்ளும் கலர் சார்ட்டரை இயக்க ஒரு போர்டு செய்து கொடுத்தார். அது தேறினால் இன்னும் ஆறு மெஷினுக்கு ஆர்டர் கிடைக்கும். தேறாவிட்டால் கத்தாரில் ஒரு வேலை காத்திருந்தது. மகள் சப்ரினுக்கு மூன்று வயது. வளைகுடாவில் வேலை பார்த்த அப்பாவை, என் அத்தாவை, போனில் மட்டும் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் போர்டு ஓட வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் தவித்தேன்.

சிக்கல் இதுதான். கரண்ட் வந்ததும் அவருடைய கர்னல் நிரல் எழுந்து, எந்த அரிசிக்கு என்ன அளவு என்று எழுதி வைத்த ஃபைலைப் படிக்க வேண்டும். ஆனால் ஃபைல்கள் இருக்கிற பகுதி அந்த நேரத்தில் கர்னலின் கண்ணுக்கே வந்திருக்காது. கடை திறக்கும் முன் போய் நின்றால் என்ன கிடைக்கும்? அதனால் ஐந்து விநாடி காத்திருந்து படிக்கும்படி எழுதியிருந்தார். வீட்டில் நூறு தடவை போட்டுப் பார்த்தார். நூறு தடவையும் ஓடியது.

மில்லிலோ தினமும் காலையில் ஃபைலே இல்லை என்றது. அரிசியும் கருப்பும் ஒன்றாகக் கொட்டும். ஆபரேட்டர் நாகவல்லி போன் செய்வார். இவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவார். போய் ஒருமுறை நிறுத்திப் போட்டால் சமர்த்தாக ஓடும்.

"ஒங்க கைராசி சார். தெனம் ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றாராம் நாகவல்லி. கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னாராம்.

ஐந்தை எட்டாக்கினார். இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் இல்லை. சோற்றைப் பிசைந்தபடி, "இருக்கிற ஃபைலை ஏன் இல்லைங்குது?" என்று சப்ரினைக் கேட்டார். அவள் தெரியாது என்றாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமையும் போன் வந்தது. போய் ஓட வைத்தார். மத்தியானம் ஜும்ஆ தொழுகைக்குப் போனவர் மில்லுக்குத் திரும்பி வந்தபோது, சாப்பாட்டு நேரம் முடிந்து நாகவல்லி மெஷினைப் போட்டுக்கொண்டிருந்தார். இவர் கண்ணெதிரேயே ஓடவில்லை.

"யாரு நிறுத்துனது?"

"நாந்தான் சார். மெயினை இறக்கிட்டுச் சாப்புடப் போனேன். தெனம் சாயங்காலமும் அப்புடித்தான நிறுத்துறோம். நீங்கதான் என்னமோ பட்டனை அமுக்கிட்டுக் காத்துக் கெடக்கீக."

இவர் வீட்டிலும் மில்லிலும் முறைப்படி பட்டனை அழுத்தி, அணையும்வரை நிற்கிறவர். மெயினைப் பட்டென்று இறக்கினால், அடுத்த முறை எழும்போது போர்டு தன் ஃபைல்களையெல்லாம் சரிபார்த்துவிட்டுத்தான் வழிவிடும். அதற்கு எட்டு விநாடியும் ஆகும், இருபதும் ஆகும். அன்று மாலையே விநாடி எண்ணுவதை விட்டார். ஃபைல் வந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்து, வந்த பிறகே தொடங்கும்படி மாற்றினார்.

மறுநாள் காலை நாகவல்லி போன் செய்தார். "நீங்க வராமயே ஓடுது சார்."

நான் அழுதுவிட்டேன். "மச்சான், இப்பவாச்சும் கத்தாருக்கு வரலைன்னு சொல்லிருங்க."

"அதை நேத்துக் காலையிலயே சொல்லிட்டேனே."

நேற்றுக் காலை மெஷின் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்றும் தெரியாது. "எதை நம்பிச் சொன்னீக?"

"தெரியல ஆரிபா. சப்ரின் தூங்கிக்கிட்டு இருந்தா. பாத்தேன். சொல்லிட்டேன்."

அப்படியானால் ஒரு நாள் முழுக்க என்னை ஏன் பதற விட்டீர்கள் என்று நன்றாகத் திட்டினேன். திட்டிவிட்டு மறுபடியும் அழுதேன்.