கேட்காமலே எழுதிய ‘விருப்பமில்லை’

களிமண் காய்ந்த விரலில் ஊசி குத்துவது சுலபமில்லை. ஸ்பிரிட் பஞ்சால் மூன்று தடவை துடைத்தாலும் ரேகைக்குள் வெள்ளையாக நிற்கும். விருத்தாசலத்தில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க அந்த விரல்கள்தான்... செராமிக் கம்பெனிகளில் பொம்மையும் பியூஸ் கட்டையும் செய்யும் பெண்கள், சுகர், பிரஷர் பார்க்க வேலையிலிருந்து அப்படியே வந்துவிடுவார்கள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் போய் வருவேன்.

பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுப்பதோடு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. முப்பது வயதைத் தாண்டிய பெண் யார் வந்தாலும், பக்கத்து ரூமில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் சோதனை செய்கிறார்கள் என்று சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும். மாத்திரைக்கு வந்த அன்றே அதையும் பார்த்துவிட்டால், இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டாம். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. உள்ளே வசந்தா சிஸ்டர் இருப்பார்; டாக்டர் நேராக அனுப்புகிறவர்களையும் அவர்தான் பார்ப்பார். சில நிமிட வேலை.

ஆனால் என் மேஜைக்கு முன்னால் நிற்கும் வரிசையில் ஆம்பளைகளும் இருப்பார்கள்.

டிரெயினிங்கில் இங்கிலீஷில் கடகடவென்று சொன்ன வார்த்தை, அங்கே தமிழில் வாயைவிட்டு வரவில்லை. வெட்கம். குரலைத் தாழ்த்தி, “உள்ள இன்னொரு டெஸ்ட் இருக்குது, இஷ்டம்னா போங்க” என்பேன். யார் போவார்கள்? கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டேன். நோட்டில் அவர்கள் பெயருக்கு நேராக ‘விருப்பமில்லை’ என்று நானே எழுதிவிடுவேன்.

கேட்காமலே.

அப்படி எழுதப்பட்டவர்களில் ஒருவர் பச்சையம்மா அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளைத் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. மாதாமாதம் பிரஷர் மாத்திரைக்குத் தவறாமல் வருவார். புருஷன் இறந்து பல வருடம். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்து நானாக ஒன்று நினைத்துக்கொண்டேன்... இவர்களிடம் போய் இதைக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று.

ஒருநாள் அவரே கேட்டார்.

“எம்மா, அந்த ரூமுக்குள்ள என்னா பாக்குறாங்க? பொம்பளைங்க போயிட்டுப் போயிட்டு வராங்களே?”

பின்னால் இரண்டு ஆம்பளைகள் நின்றிருந்தார்கள்.

“அது புள்ள பெத்துக்குற வயசுக்காரங்களுக்குக்கா. உங்களுக்கு இல்ல.”

“அப்பிடியா... செரிம்மா, போயிட்டு வரேன்.”

அவ்வளவுதான். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் வசந்தா சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே போனால் கட்டிலில் பச்சையம்மா அக்கா உட்கார்ந்திருக்கிறார். முகம் வெளுத்திருந்தது. மூன்று மாதமாகவே ரத்தம் போகிறதாம். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போய் வந்திருக்கிறார்.

சிஸ்டர் கையில் என் நோட்டு.

“ஏம்மா, மாசாமாசம் வந்துருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் விருப்பமில்லன்னு எழுதியிருக்குதே. ஏன் வேணாம்னீங்க?”

அக்காவுக்குப் புரியவில்லை. “என்னைய யாரும் கேக்கலியே சிஸ்டரு.”

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

“இல்ல இல்ல... இந்தப் பொண்ணு கேட்டுருக்கும். எனக்குத்தான் நெனப்பு இல்ல,” என்றார் அக்கா, அவசரமாக.

நான் பொய் எழுதினேன், அதைக் காப்பாற்ற அவரும் ஒரு பொய் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை.

கடலூருக்கு அனுப்பினோம். அங்கிருந்து பாண்டிச்சேரி. ஆபரேஷன் செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள். திரும்பி வந்து இரண்டு வருடம் இருந்தார். மாத்திரைக்கு மகள் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். நான் குனிந்தபடியே எழுதிக் கொடுப்பேன். “சாப்பிட்டியாம்மா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளலாம் என்று விடுவேன். ஒரு மாதம் மகள் மட்டும் வந்தாள், அம்மா போய்விட்டதைச் சொல்ல.

வசந்தா சிஸ்டர் என்னைப் பற்றி மேலதிகாரிகளுக்கு எழுதிப் போடவில்லை. தனியாக ஒன்றே ஒன்று சொன்னார். “உனக்கு வெக்கமா இருந்துச்சுன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் வெளிய வந்து கூப்ட்டிருப்பேன்.” திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே மங்களூர் பக்கம் வேலை பார்க்கிறேன். சுகர், பிரஷர், மார்பகம், கர்ப்பப்பை வாய்... எல்லாம் ஒரே சீட்டில். யார் நின்றாலும் சத்தமாகவே சொல்கிறேன். போன மீட்டிங்கில், “உங்க சென்டர்ல மட்டும் எப்படி இவ்ளோ பேர் ஒத்துக்கிறாங்க?” என்று கேட்டுக் கைதட்டினார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

உண்மையில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. “இன்னைக்கே பாத்துடலாமாக்கா?” என்று கேட்கிறேன். “செரி, பாத்துடும்மா” என்று பையை என் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

அவ்வளவு சுலபமாக இருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.